மான் வேட்டை பழக வேண்டுமா? முதலில் உரிமம், பிறகு காற்று, கடைசியில்தான் துப்பாக்கி

கேள்வி: பெங்களூரு வைட்ஃபீல்டில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் சத்தியமங்கலம் பக்கம். ஆகஸ்டில் எல்-1 விசாவில் இரண்டு ஆண்டுகளுக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மேடிசன் நகருக்குப் போகிறேன். அங்கிருக்கும் என் குழுத் தலைவர் நவம்பரில் தம் குடும்பத்தாரோடு மான் வேட்டைக்கு வரச் சொல்லி அழைத்திருக்கிறார். நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. எங்கிருந்து தொடங்குவது? போவதற்கு முன் இங்கேயே எதையாவது பழகிக்கொள்ள முடியுமா? எங்கள் தாத்தா அந்தக் காலத்தில் வேட்டைக்குப் போனவர். அவர் கொண்டுவந்த கொம்பு பற்றி வீட்டில் இன்றும் பேசுவார்கள்.

பதில்: தாத்தாவைச் சற்று ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் பேசுவோம். அவர் காலம் வேறு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, அதன் 9-ஆம் பிரிவின்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றம். சுடுவது மட்டுமல்ல; கண்ணி வைப்பது, விரட்டிப் பிடிப்பது, இரை போட்டு வரவழைப்பது, இவற்றில் எதற்கேனும் முயல்வது ஆகிய அனைத்தும் அந்தச் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். “எங்கள் தோட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை வாருங்கள், பழகிப் பார்க்கலாம்” என்று யாராவது அழைத்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். “கறி மட்டும்தான் சாப்பிட்டேன்” என்பதும் வனத்துறையிடம் எடுபடாது. ஆகவே கீழே சுடுவது பற்றி நான் சொல்வதெல்லாம் விஸ்கான்சினுக்கு மட்டும். பெங்களூரில் பழக வேறு பாடங்கள் இருக்கின்றன. அவையே அதிகம் என்பது என் அனுபவம். மேடிசனுக்கு மேற்கே பதினான்கு ஆண்டுகள் குடியிருந்து, அவற்றில் பதினொரு நவம்பர்களைப் பரணில் கழித்துவிட்டு அல்சூருக்குத் திரும்பியவன் நான்.

உங்களை அழைத்தவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் அமெரிக்கக் குடிமகன் என்றால் அது அவரைத் தொடாத சட்டம். எல்-1, எச்-1பி, மாணவர் விசா போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம். சொந்தமாக வாங்குவதைத்தான் தடுக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கொல்லைப்புறத்தில் “இந்தா, பிடித்துப் பார்” என்று நீட்டினால் அதை வாங்குவதே வம்பு. இதற்கு விலக்கு உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும். எனவே உரிமம் கைக்கு வரும்வரை துப்பாக்கியைத் தொடாதீர்கள்; வந்த பிறகு அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். விசா சிக்கலானால் வேலையும் சேர்ந்து போகும் என்பதால், நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மின்னஞ்சலில் இதை உறுதிசெய்துகொள்வதும் நல்லது.

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் விஸ்கான்சினில் உரிமம் பெற, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். நேரடி வகுப்புதான் உயர்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் அங்கே துப்பாக்கியைக் கையில் கொடுத்துப் பழக்குவார்கள். உரிமமில்லாத விசாக்காரருக்கு அது முட்டுச்சந்து. பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கு முழுக்க இணையவழியிலேயே பாடம் உண்டு. அதை முடித்து, உரிமம் வாங்கி, பிறகு துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவதே உங்களுக்கு ஏற்ற வரிசை. பயிற்சி இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது: வழிகாட்டி ஒருவர் கை எட்டும் தூரத்தில் கூடவே இருந்தால், புதியவர் அதற்கென்று உள்ள உரிமத்தோடு வேட்டையாடலாம். பாடத்தையும் முடியுங்கள், முதல் ஆண்டு குழுத் தலைவரின் பக்கத்திலும் உட்காருங்கள் என்பதே என் யோசனை. அந்த மாநிலத்தில் தொடர்ந்து 30 நாள் வசித்தால் உள்ளூர்க்காரர் கட்டணம். வெளியூர்க்காரர் கட்டணத்தைவிட அது வெகுவாகக் குறைவு. ஆகஸ்டில் இறங்குகிற உங்களுக்கு அவசரம் இல்லை.

இனி, இங்கே என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வருவோம். பெங்களூரில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் கற்றுத்தரும் இடங்கள் இருக்கின்றன. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டும் காகித இலக்கும்தான் அங்கே. அந்த இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர் என்பதை முதல் நாள் பார்த்ததும் சிரிப்பு வரும். மான் அவ்வளவு சிறியது அல்ல. ஆனாலும் விசையைச் ‘சட்’டென்று இழுக்காமல் மெல்ல அழுத்துவது, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது, சுட முடிவெடுக்கும்வரை விரலை விசைக்கு வெளியே நீட்டி வைப்பது, குழல்வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எந்நேரமும் அறிந்திருப்பது ஆகிய நான்கும் கைக்குப் பழகிவிடும். இரண்டு மாதம் வாரம் இருமுறை போனால் போதும். அதற்கு மேல் பணம் செலவழிக்க வேண்டாம்.

மிச்சத்துக்கு ஒரு கட்டு ஊதுபத்தி வாங்கிக்கொள்ளுங்கள். கேலியில்லை. மானுக்குக் கண்ணைவிட, காதைவிட மூக்குதான் காவல்காரன். காலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் ஒரு பத்தியைக் கொளுத்திவைத்துப் புகை போகும் வழியைப் பாருங்கள். எங்கள் வீட்டு மாடியில் அது முதலில் நேராக எழுந்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் முறிந்து, கீழே படிக்கட்டுக்குள் இறங்கும். எட்டு மணிக்கு வெயில் சுவரில் பட்டதும் அதே புகை மேலே ஏறத் தொடங்கும். குன்றுகளிலும் இதேதான் நடக்கிறது. மாலையில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து இறங்கும், காலை வெயிலில் சூடேறி மேலேறும். மேடிசனுக்கு மேற்கே இருப்பது பழங்காலப் பனிப்பாறைகள் தீண்டாத குன்றும் பள்ளத்தாக்குமான நிலம். காற்றின் இந்தக் குணம் தெரியாதவன் அங்கே நாள் முழுக்க மானுக்குத் தன் வாசனையை அனுப்பிக்கொண்டிருப்பான்.

நான் அனுப்பினேன். இரண்டாவது ஆண்டு, மேலங்கியைச் சமையலறையை ஒட்டிய அலமாரியில் தொங்கவிட்டிருந்தேன். விடியலில் பரணுக்கு நாற்பது அடி தூரத்தில் ஒரு பிணைமான் வந்து நின்றது. மூக்கைத் தூக்கியது. முன்னங்காலால் தரையை ஒரு தட்டு தட்டியது, இன்னொரு தட்டு. பிறகு சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டதுபோல் ஒரு சீறல், வெள்ளை வால் கொடியாக உயர்ந்தது, காடே காலியாயிற்று. பெருங்காயத் தாளிப்பு வாசனையை அதற்கு முன் அது கண்டிருக்காது. வாசனையை மறைப்பதாகச் சொல்லிக் கடைகளில் விற்கும் தெளிப்பான்கள் எல்லாம் உங்கள் பணப்பையை இலேசாக்கத்தான் பயன்படும். காற்று மானிடமிருந்து உங்களை நோக்கி வீசும்படி உட்கார்ந்தால் பெருங்காயமும் பரவாயில்லை.

போகும் முன் ஒருமுறை பந்திப்பூருக்கோ கபினிக்கோ போய் வாருங்கள். வனத்துறை வண்டியில்தான் போக முடியும், இறங்க முடியாது. அதனால் என்ன, பார்க்கத்தானே போகிறீர்கள். புலி எங்கே என்று வழிகாட்டியை நச்சரிக்காமல் புள்ளிமான் கூட்டம் ஒன்றில் ஒரு மானை மட்டும் கால்மணி நேரம் பாருங்கள். மேயும்போது எத்தனை நொடிக்கு ஒருமுறை தலை தூக்குகிறது? தலை தூக்குவதற்கு முன் வாலை ஆட்டுகிறதா, காது எந்தப் பக்கம் திரும்புகிறது? சந்தேகம் வந்தால் அதுவும் முன்னங்காலைத் தட்டும். விஸ்கான்சினின் வெள்ளைவால் மான் இப்படிப் பெருங்கூட்டமாக நிற்காது. தனியாகவோ தாயும் குட்டிகளுமாகவோ வரும். ஆனால் அசையலாமா கூடாதா என்று அதன் உடம்பைப் படிக்கும் பாடம் இரண்டுக்கும் ஒன்றே. (நம் புள்ளிமானை 1932-இல் டெக்சாஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே அது வெளிநாட்டு விலங்கு. உரிமமும் நிலத்துக்காரரின் அனுமதியும் இருந்தால் ஆண்டு முழுவதும் சுடலாம். பந்திப்பூரில் பார்த்துவிட்டு வந்தவருக்கு இதைக் கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.)

துப்பாக்கியோடு மான் வேட்டையாடும் காலம் அங்கே ஒன்பது நாள். நவம்பரின் நான்காம் வியாழனான தேங்க்ஸ்கிவிங் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். இடுப்புக்கு மேல் உடையில் பாதிக்குக் குறையாமல் பளிச்சென்ற ஆரஞ்சு நிறமோ ஒளிரும் இளஞ்சிவப்போ இருக்க வேண்டும் என்பது சட்டம். மானுக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறியும் பார்வை அதற்கு இல்லை. நீலம்தான் நன்றாகத் தெரியும். ஆகவே நீல ஜீன்ஸை வீட்டில் விட்டுவிடுங்கள். குளிரைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பெங்களூரில் 15 டிகிரிக்குக் குரங்குத் தொப்பி போடுகிறவர்கள் நாம். அங்கே உறைநிலைக்குக் கீழே நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். பருத்தி உள்ளாடை வேர்வையை உறிஞ்சி உடம்பைக் குளிரவைக்கும். கம்பளி வாங்குங்கள். நொறுக்குத்தீனியை மொறமொறக்கும் பிளாஸ்டிக் உறையில் கொண்டுபோகாமல் துணியில் முடிந்துகொள்ளுங்கள்.

பரண் என்றால் தினைப்புனக் காவல் நினைவுக்கு வரும். அங்கே மரத்தில் பதினைந்து இருபது அடி உயரத்தில் கட்டிய இரும்பு இருக்கை அது. அதிலிருந்து விழுவதுதான் அங்கே வேட்டைக்காரர்களை முடக்கிப்போடும் பெரிய விபத்து. முழு உடல் பாதுகாப்பு வாரை, தரையை விட்டுக் கால் எடுக்கும் முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். கீழே இறங்கிய பிறகுதான் கழற்ற வேண்டும். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள்: தோட்டாவை நீக்கிவிட்டு, மேலே போன பிறகு கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளுங்கள். குழுத் தலைவர் தரைமட்ட மறைவிடம் வைத்திருந்தால் முதல் ஆண்டு அதையே கேட்டு வாங்குங்கள்.

சுடும் கணம். பக்கவாட்டில் நிற்கிற மான், அல்லது தலையை அப்பால் திருப்பிச் சாய்வாக நிற்கிற மான், இந்த இரண்டையும் தவிர வேறெதையும் சுடாதீர்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வைத்தால் தோட்டா இதயத்திலோ நுரையீரலிலோ பாயும். உங்களை நேராகப் பார்த்து நிற்பதும், ஓடுவதும், மேட்டின் உச்சியில் வானத்துக்கு எதிரே நிற்பதும் சுடத்தக்கவை அல்ல. கடைசியாகச் சொன்னதில் தோட்டா எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது.

என் மூன்றாம் ஆண்டு மானை நான் பதற்றத்தில் பின்னால் தள்ளிச் சுட்டேன். சுட்டதும் இறங்கி ஓடினேன். அது அதைவிடப் பெரிய தவறு. சருகின் மேல் இரத்தம் கருத்து, பச்சையும் கலந்து, குடல் நாற்றத்தோடு இருந்தது. அப்படி இருந்தால் ஆறு முதல் எட்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. மான் அருகிலேயே படுத்துவிடும். நான் துரத்தியதில் அது எழுந்து இரண்டு பள்ளத்தாக்குகளைக் கடந்து போய்விட்டது. இருட்டும்வரையும் மறுநாள் முழுவதும் தேடினோம். கிடைக்கவில்லை. இரத்தம் நல்ல சிவப்பாக, நுரை குமிழிகளோடு இருந்தால் நுரையீரல்; அரைமணி நேரம் பொறுத்துப் போனால் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள் கிடக்கும்.

குடல் நீக்கி உடம்பைச் சீக்கிரம் குளிரவைப்பதைக் குழுத் தலைவரின் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்; எழுத்தில் வராது. மானைப் பதிவுசெய்ய மறுநாள் மாலை 5 மணிவரைதான் நேரம். முக்கியமானது நோய்ப் பரிசோதனை. மான்களின் மூளையைத் தின்னும் ஒரு நோய் விஸ்கான்சினில் 2002-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது நீங்கள் குடியேறப்போகும் மேடிசனுக்குப் பக்கத்தில்தான். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. என்றாலும் நோயுள்ள மானின் கறியை உண்ண வேண்டாம் என்பதே அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. தலையை மாநில இயற்கைவளத் துறை வைத்திருக்கும் பெட்டியில் போட்டால் இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள். முடிவு வரும்வரை கறியைப் பரிசோதனை எண் எழுதி உறைபெட்டியில் வையுங்கள். பிறகு சமைக்கும்போது, அதில் கொழுப்பு இல்லை என்பதை மறக்காதீர்கள். முதுகுச் சதையை ஆட்டுக்கறி என்று நினைத்து குக்கரில் நான்கு விசில் விட்டால் செருப்புத் தோல்தான். மிளகும் நெய்யும், சூடான இரும்புச் சட்டி, பக்கத்துக்கு மூன்று நிமிடம்.

கொம்பை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு பெங்களூருக்கு வராதீர்கள். தேவனஹள்ளி விமான நிலையத்தில் சுங்க அதிகாரியின் முன்னால் அது எந்த நாட்டு மானின் கொம்பு என்று விளக்கிக்கொண்டு நிற்பதைவிட, குழுத் தலைவரின் கொட்டகைச் சுவரில் உங்கள் பெயரை எழுதி அங்கேயே மாட்டிவிட்டு வரலாம். என்னுடையவை இரண்டு இன்னும் அங்கேதான் தொங்குகின்றன.