மகளிடம் கேட்டீர்களா?

கேள்வி: என் மகளின் மஞ்சள் நீராட்டு விழா வீடியோவை யூடியூபில் போட்டேன். மண்டபத்தில் ஓடிய இரண்டு சினிமாப் பாட்டுகளுக்காகப் பதிப்புரிமைக் கோரல் வந்திருக்கிறது. காசு கொடுத்து நான் எடுக்கச் சொன்ன வீடியோ. 30 விநாடிக்குள் இருந்தால் தப்பில்லை என்கிறார்கள். விசேஷங்களில் பாட்டுப் போடச் சட்டத்திலேயே விலக்கு உண்டாமே? என் வீட்டு வீடியோவில் கைவைக்க இவர்கள் யார்?
கே.எஸ்., மன்னார்குடி

பதில்: பாட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வீடியோகிராபருக்குக் காசு கொடுத்தீர்கள், சரி. அதனால் பாட்டு உங்களுடையதாகிவிடாது. 30 விநாடிக் கணக்கு நம் சட்டத்திலும் இல்லை, யூடியூப் விதியிலும் இல்லை. 2007-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு தாய், சமையலறையில் நடைவண்டி தள்ளியபடி தன் குழந்தை ஆடியதை எடுத்துப் போட்டார். மொத்தமே 29 விநாடி. பின்னால் பிரின்ஸ் பாடிய பாட்டு ஒலித்தது. பாட்டின் உரிமையைக் கவனித்துவந்த யுனிவர்சல் இசை நிறுவனம் நீக்கச் சொன்னது, யூடியூப் வீடியோவை எடுத்துவிட்டது. அந்தத் தாய் வழக்குப் போட்டார். நீக்கச் சொல்லும் முன் அது ‘நியாயமான பயன்பாடா’, அதாவது உரிமையாளரின் அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தாக வேண்டும் என மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2015-ல்.

நீங்கள் சொல்லும் விலக்கு 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் இருக்கிறது. மதச் சடங்குகளிலும் கல்யாணக் கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிக்கலாம். உங்கள் வீட்டு விழா அதில் அடங்குமா என்ற வாதத்துக்கே போக வேண்டாம். அந்த விலக்கு விழா நடக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. அதை வீடியோவாக்கி உலகம் பார்க்க ஏற்றுவது வேறு காரியம்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. கோரல் வந்தால் பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும், விளம்பரக் காசு மட்டும் பாட்டின் உரிமையாளருக்குப் போகும். யூடியூப் ஸ்டுடியோவில் பாட்டை மட்டும் நீக்கவோ வேறு இசை சேர்க்கவோ வழி இருக்கிறது. உரிமையாளர் வீடியோவையே நீக்கச் சொல்லி, அதற்காக யூடியூப் கொடுக்கும் எச்சரிக்கையான ‘ஸ்ட்ரைக்’ வருவதுதான் ஆபத்து. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. அந்த வீடியோவில் பாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார். அதில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு?

இசை நிறுவனங்கள் தங்கள் பாடல்களை முன்கூட்டியே யூடியூபிடம் கொடுத்து வைத்திருக்கின்றன. ஏற்றப்படும் வீடியோவை அவற்றோடு கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. பந்திச் சத்தத்துக்கு நடுவே ஒலித்த பாட்டையும் அது பிடித்துவிடும். அப்படி முன்கூட்டி எதையும் கொடுத்து வைக்க உங்கள் மகளால் முடியவில்லை. பிள்ளைகளை வீடியோவில் காட்டப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது யூடியூப். அந்தச் சம்மதத்தைத் தர வேண்டியவர் நீங்கள், வீடியோவை ஏற்றியவரும் நீங்களே. ஆக, அவளைக் கேட்க ஒருவரும் இல்லாமல் போய்விட்டது.

இந்த மாதிரி வீடியோக்கள் சில பார்த்திருக்கிறேன். தலை நிறையப் பூவும் கனத்த பட்டுமாக ஒரு சிறுமி. கன்னத்தில் சந்தனம் பூசும் ஒவ்வொருவர் கையும் நெருங்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். கேமரா முகத்துக்குப் பக்கத்தில் போகிறது, அவள் தலை குனிகிறாள். “இங்க பாரு, சிரி” என்று ஒரு குரல். கீழே அவள் பெயர், ஊர், தேதி. நூறு சொந்தக்காரர்கள் நடுவிலேயே கூசிப்போகிற வயது அது. அந்தக் காட்சியை அவளோடு படிக்கும் பையன்களும் முன்பின் தெரியாத ஆண்களும் எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். இது வீண் பயம் இல்லை. குழந்தைகளின் சாதாரண வீடியோக்களுக்குக் கீழே ஆபாச மனம் படைத்தவர்கள் எழுதிய கருத்துகள் அம்பலமாகி, 2019 பிப்ரவரியில் சிறுவர் சிறுமியர் இடம்பெறும் பெரும்பாலான வீடியோக்களில் கருத்துப் பகுதியையே யூடியூப் மூட வேண்டிவந்தது. கருத்தைத்தான் மூடினார்கள். பார்ப்பதை மூட முடியாது. டவுன்லோட் செய்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால் அப்புறம் நீங்கள் அழித்தும் பயனில்லை.

விழா நடத்தியதைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. சீர் கொண்டுவந்த தாய்மாமனுக்கும் வர முடியாத அத்தைக்கும் காட்ட ஆசைப்பட்டிருப்பீர்கள். பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். யூடியூபிலேயேதான் வேண்டுமென்றால் ‘பிரைவேட்’ என்று வைத்து, வேண்டியவர்களின் மெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம்.

இன்றைக்கே அதை பிரைவேட் ஆக்கிவிடுங்கள். பிறகு ஒரு நாள் மகளோடு உட்கார்ந்து, சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு, வீடியோவை முதலிலிருந்து ஓட விடுங்கள். டிவியைப் பார்க்காதீர்கள், அவள் முகத்தைப் பாருங்கள். எங்கே அவள் பார்வையைத் திருப்பிக்கொள்கிறாளோ, அங்கேயே நிறுத்தி, இதை வைத்திருக்கலாமா அழித்துவிடலாமா என்று கேளுங்கள்.