பிடிக்கவில்லையா, கைக்கு வரவில்லையா?

முஷிஹிமேசாமா என்ற ஜப்பானிய ஷூட்டரை (சுடும் ஆட்டத்தை) கம்ப்யூட்டரில் வாங்கினேன். செத்த பிறகும் ஆட்டத்தைத் தொடர விடும் கன்டினியூவைப் போட்டுப் போட்டு அரை மணி நேரத்தில் ஐந்து ஸ்டேஜும் முடிந்துவிட்டது. திரை முழுக்கத் தோட்டா, என்ன செய்தாலும் சாவு. பிடிக்கவில்லை என்றால், "உனக்கு ஆடத் தெரியவில்லை" என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? (கோவை வாசகர்)

பிடிக்கவில்லை என்று சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். ஆனால் "என்ன செய்தாலும் சாவு" என்றீர்களே, அதில் ருசிக்கு வேலை இல்லை. அது ஆட்டத்தைப் பற்றிய தகவல், அதுவும் தப்பான தகவல். அந்த இடத்தில் மட்டும் நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது.

இந்த வகை ஷூட்டர்களில் நிறையத் தோட்டாக்கள் உங்களையே குறிவைத்து வருபவை. எதிரி சுடும் கணத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்களோ, அந்த இடத்துக்கு நேராக வரும், நடுவில் திரும்பாது. புதிதாக ஆடுபவர் பதற்றத்தில் இடது, வலது, மறுபடி இடது என்று அலைவார். எதிரியும் அவர் போன இடத்துக்கெல்லாம் சுடுவான். மூன்றே விநாடியில் இரண்டு பக்கமும் தோட்டா விசிறி விழுந்து வழி அடைபடும். திரையை நிரப்பியது அவருடைய கைதான்.

அதே எதிரியைத் திரையின் இடது ஓரத்தில் எதிர்கொள்ளுங்கள். பட்டனை அழுத்திப் பிடிக்காமல், வலது பக்கமாக மெல்லத் தட்டித் தட்டி நகருங்கள். ஒரு தட்டுக்கு உங்கள் உருவத்தின் கால்வாசி அகலம் போதும். தோட்டாக்கள் எல்லாம் உங்களுக்குப் பின்னால் ஒரே கோடாக, வால் போல இழுபட்டு வரும். சிக்கல் வலது ஓரத்தை எட்டும்போதுதான். அங்கே ஒரு கணம் நின்று, ஒரே மூச்சில் பெரிய வெட்டாக மேலேறி இடது பக்கம் திரும்ப வேண்டும். அந்த வெட்டுதான் தோட்டா வரிசையில் இடைவெளியைத் திறக்கும். தயங்கித் தயங்கித் திரும்பினால் இடைவெளி உருவாகாது. பெரும்பாலான முதல் சாவுகள் இந்த மூலையில் நடப்பவை.

இன்னொன்று, அடிபடும் பகுதி உங்கள் உருவம் முழுவதும் கிடையாது. நடுவில் சில பிக்சல் மட்டுமே. தோட்டா இறக்கையைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. இது தெரியாதவர் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு பெரிய இடைவெளி தேடி அலைவார். (1990-இல் வந்த ரெய்டன் என்ற ஷூட்டரில் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். அங்கே தோட்டா குறைவு, வேகம் அதிகம், அடிபடும் பகுதியும் பெரிது.)

கன்டினியூ போட்டு முடித்ததை "பார்த்துவிட்டேன்" என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒவ்வொரு கன்டினியூவும் புது லைஃபும், திரையில் உள்ள தோட்டாக்களைத் துடைக்கும் புது பாமும் (வெடிகுண்டும்) தருகிறது. தடுக்கிய இடத்தை நீங்கள் கற்றுக்கொள்ளவே இல்லை, அது தானாக உங்களைக் கடந்து போனது. காசு போட்டு ஆடும் ஆர்கேடில் இந்த ஆட்டங்களின் கணக்கு, கன்டினியூ இல்லாமல் ஒரே காசில் முடிப்பது. அரை மணி நேரம் என்பது முழு நீளம். அதைத் தடுக்காமல் ஓட்டி முடிக்கப் பலருக்கு மாதக் கணக்கில் ஆகும்.

எந்த மோடில் ஆடினீர்கள் என்று எழுதவில்லை. ஒரிஜினலில் தோட்டா குறைவு, ஆனால் வேகம். மேனியாக்கில் தோட்டா அதிகம், நிதானமாக வரும். இருப்பதிலேயே கடினமான அல்ட்ராவில் ஆரம்பித்திருந்தால் உங்கள் புகாரில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

அப்படியானால் நன்றாக ஆடுபவர் மட்டும்தான் குறை சொல்லலாமா? (திருச்சி வாசகர்)

இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கச்சேரியை, பாடத் தெரியாதவரும் உட்கார்ந்து ரசிக்கலாம், குறையும் சொல்லலாம். ஷூட்டரில் பாடுவதும் நீங்கள்தான், கேட்பதும் நீங்கள்தான். சுருதி விலகினால் பாட்டின் மேல் பழி போடுவதற்கு முன் தொண்டையைப் பார்க்க வேண்டும்.

அசல் ருசிபேதத்துக்கு நல்ல உதாரணம் 1996-இல் வந்த பேட்டில் கரெகா. அதில் உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது, ஆடுபவர்கள் அதை "ரேங்க்" என்பார்கள். நீங்கள் அதிகம் சுட்டால் ஏறும், பொருட்களைப் பொறுக்கினால் ஏறும். ஏற ஏற எதிரிகள் கொடூரமாவார்கள். செத்தால் இறங்கும். அதனால் கைதேர்ந்தவர்கள் புள்ளியில் கூடுதல் லைஃப் சம்பாதித்து, குறித்த இடங்களில் வேண்டுமென்றே சாகிறார்கள். இதை முழுக்கப் புரிந்து, ஒரே காசில் முடித்தும் விட்டு, "சுடும் ஆட்டத்தில் சுடுவதற்கு யோசிக்க வைப்பது எனக்கு ஒத்துவராது" என்று ஒருவர் சொன்னால், அங்கே திறமையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதே ஆட்டத்தில் சன்னமான தோட்டா வெடிச்சிதறலோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போவதும் நியாயமான புகார்தான். அதைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆடியவருக்கும் உரிமை உண்டு.

2001-இன் இக்காருகா இன்னொரு வகை. கப்பலைக் கறுப்பாகவும் வெள்ளையாகவும் மாற்றலாம். தன் நிறத் தோட்டாவை விழுங்கும், எதிர் நிறத்தால் எதிரியை அடித்தால் இரட்டிப்பு சேதம். புள்ளி வேண்டுமென்றால் ஒரே நிற எதிரிகளை மும்மூன்றாகத் தொடர்ந்து வீழ்த்த வேண்டும். கையை விடக் கணக்குக்குத்தான் வேலை. தோட்டா மழையில் நெளிந்து வெளியேறுவதில் சுகம் காண்பவருக்கு இது பரீட்சை எழுதுவது போல இருக்கும். இருவரும் ஒரே அளவு கெட்டிக்காரர்களாக இருக்கலாம்.

முடிவு செய்ய எவ்வளவு நாள் கொடுக்கலாம்? (மதுரை வாசகர்)

பத்து நாள், நாளுக்கு அரை மணி. ஒரே ஆட்டம், ஒரே காசு, கன்டினியூ கிடையாது. முதல் இரண்டு ஸ்டேஜ் மட்டும் இலக்கு. பயிற்சி மோட் இருந்தால் இரண்டாம் ஸ்டேஜை நேராகத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் முதல் ஸ்டேஜே அலுப்பூட்டிவிடும்.

ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி குறித்து வையுங்கள்: எந்த எதிரி, திரையில் எந்தப் பக்கம், கையில் எத்தனை பாம் மீதி. நான்காம் நாளே மூன்றாவது விவரம் உறுத்தும். பெரும்பாலானவர்கள் இரண்டு பாம் மிச்சம் வைத்துக்கொண்டு சாகிறார்கள். செத்தால் மீதி பாம் போய்விடும், அடுத்த லைஃபுக்குக் குறித்த எண்ணிக்கைதான் வரும், சேமித்தால் லாபமில்லை. எந்த இடத்தில் இரண்டு முறை செத்தீர்களோ, மூன்றாம் முறை அங்கே போவதற்கு முன்பே பாமைப் போடுங்கள்.

பத்தாம் நாள் நோட்டைப் பாருங்கள். சாகும் இடங்கள் பின்னால் தள்ளிப்போயிருந்தும் அடுத்த காசு போடத் தோன்றவில்லை என்றால் உங்களுக்குப் பிடிக்கவில்லை, விஷயம் முடிந்தது. முதல் நாள் செத்த இடத்திலேயே இன்னும் செத்துக்கொண்டிருந்தால் எதையும் முடிவு செய்ய முடியாது. வேறு எளிய மோடில் இன்னொரு வாரம்.

டிவியில் ஆடும்போது கை பிந்துவது போலத் தோன்றுகிறது. பிரமையா? (சேலம் வாசகர்)

பிரமை இல்லை. ஆட்டம் விநாடிக்குச் சுமார் 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடுகிறது, ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவிநாடி. டிவி படத்தை மெருகேற்ற ஐந்து ஃபிரேம் எடுத்தால் 83 மில்லிவிநாடி போயிற்று. நீங்கள் பார்ப்பது பழைய தோட்டா. செட்டிங்கில், இந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடைப் போடுங்கள்.

கீபோர்டில் ஆடலாமா? (நெல்லை வாசகர்)

தாராளமாக. ஆனால் மலிவான கீபோர்டுகள் சில, மூன்று நான்கு பட்டனை ஒன்றாக அழுத்தினால் ஒன்றை விழுங்கிவிடும். மேல் அம்பு, இடது அம்பு, சுடும் பட்டன் மூன்றையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். கப்பல் சாய்வாகப் போகாமல் நேராகப் போனால் சுடும் பட்டனை வேறு எழுத்துக்கு மாற்றுங்கள்.