ஒரு சிற்றூரைக் கலையரங்கம் வளர்க்குமா?

பெருநகரங்களிலிருந்து விலகியிருக்கும் ஊரில் கலையரங்கம் கட்டினால் ஊர் முன்னேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்னேறும், ஆனால் கட்டடத்திலிருந்து தொடங்கக் கூடாது.

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே ஹெக்கோடு என்ற சிற்றூர் இருக்கிறது. கே.வி. சுப்பண்ணாவும் ஊர்க்காரர்களும் 1949-இல் அங்கே ‘நீநாசம்’ நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். அரங்கம் எழுந்தது 1970-களில்தான். அதற்குள் ஊரிலேயே நடிகர்களும் பார்வையாளர்களும் உருவாகிவிட்டார்கள். இதுதான் அடித்தளம் என்பேன். பின்னர் திரைப்படச் சங்கம் வந்தது. விவசாயிகள் உலகத் திரைப்படங்களைப் பார்த்து விவாதித்தார்கள். 1980-இல் நாடகப் பள்ளி; 1985 முதல் ஊர் ஊராகச் சென்று நடிக்கும் ‘திருகாட்ட’ குழு. சுப்பண்ணாவுக்கு 1991-இல் மகசேசே விருது கிடைத்தது.

வெளியூர் மாணவர்கள் தங்கிப் படிக்கும்போது சமையல், தையல், தச்சு, விளக்கமைப்பு என்று வேலைகள் பிறக்கின்றன. இருந்தாலும், பணத்தைவிடப் பெரிய பலன் வேறு. நல்ல நாடகம் பார்க்க நகரத்துக்குத்தான் போக வேண்டும் என்ற தாழ்வுணர்ச்சி அங்கே உடைந்தது. அரசு நிதியில் அரங்கம் கட்டி, ஆண்டுக்கு இரண்டு விழாவுக்கு மட்டும் திறக்கும் ஊர்களில் இது நடப்பதில்லை. உங்கள் ஊரில் திட்டம் இருந்தால், வாரந்தோறும் அங்கே ஒத்திகை பார்க்கப்போகும் குழு எது என்று முதலில் விசாரியுங்கள்.