ஃப்ரீசரில் இருக்கும் சாப்பாடு பழையதா?

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறேன். மருத்துவமனையில் வாரத்துக்கு மூன்று நாள் இரவு வேலை. அந்த நாட்களில் கணவரும் பிள்ளைகளும் (வயது 11, 8) கடையில் வாங்கிய ஃப்ரோசன் டின்னரைச் சூடு பண்ணிச் சாப்பிடுகிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "எந்த மாசத்துப் பழையதையோ பிள்ளைகளுக்குப் போடுறியே" என்று வருத்தப்படுகிறார். என் கணவரோ, அந்தக் காலத்து டிவி டின்னர் (தட்டோடு உறைய வைத்து விற்ற முழுச் சாப்பாடு) தான் மோசம், இப்போது எல்லாம் மாறிவிட்டது என்கிறார். யார் சொல்வது சரி? எனக்குக் குற்ற உணர்ச்சியாகவே இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியாரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஊரில் கரண்ட் போனால் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருப்பது உருகும், வந்தால் மறுபடி உறையும். அப்படி உருகி உறைந்ததை நம்பக்கூடாது என்று பார்த்துப் பழகியவர் அவர். அது சரியான பாடம். ஆனால் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் விடாமல் குளிர்ந்திருக்கும் ஃப்ரீசரில் கிருமிகள் பெருக வழியில்லை. அங்கே இருக்கும் சாப்பாடு மாதக்கணக்கானாலும் ஊசிப்போவதில்லை. நாள்பட்டால் ருசியும் பதமும் குறையும், அவ்வளவுதான். இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

உறைய வைப்பதில் வேகம்தான் முக்கியம். 1912 முதல் சில வருடங்கள் கனடாவின் லாப்ரடோரில் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், அங்கே வாழும் இன்யூட் பழங்குடி மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் விறைத்துப்போவதைக் கவனித்தார். மாதங்கள் கழித்து உருக்கிச் சமைத்தாலும் அது புது மீன் போலவே இருந்தது. மெதுவாக உறைந்தால் உள்ளே பெரிய பனிப்படிகங்கள் உண்டாகி, திசுக்களைக் கிழித்துவிடும்; உருகும்போது எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். வேகமாக உறைந்தால் படிகங்கள் சின்னதாகவே நின்றுவிடும். அவருடைய முறையில் உறைய வைத்த உணவுகள் 1930 மார்ச்சில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் கடைக்கு வந்தன.

ஒரு வேளைச் சாப்பாட்டை முழுசாகத் தட்டில் வைத்து உறைய வைப்பது முதலில் விமானங்களுக்காகத்தான். 1940களில் மேக்ஸன் நிறுவனம் இதைச் செய்தது. 1949இல் பிட்ஸ்பர்க்கில் பெர்ன்ஸ்டைன் சகோதரர்கள் மூன்று குழி போட்ட அலுமினியத் தட்டில் விற்றார்கள். பெயர் வாங்கியது மட்டும் நெப்ராஸ்காவின் ஒமாஹாவைச் சேர்ந்த ஸ்வான்சன் நிறுவனம். 1953இல், அமெரிக்கர்கள் வான்கோழி சமைக்கும் நன்றி நவிலும் நாளுக்குப் பிறகு 260 டன் வான்கோழி விற்காமல் தேங்கிவிட்டது, குளிர்பதன ரயில் பெட்டிகளில் வைத்துக்கொண்டு தவித்தார்கள், அதிலிருந்துதான் டிவி டின்னர் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. யார் முதலில் யோசித்தார் என்பதில் மட்டும் சண்டை தீரவே இல்லை. 98 சென்ட் விலை. வான்கோழி, பட்டாணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. 425 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் 25 நிமிடம். 1954இல் மட்டும் ஒரு கோடி தட்டுகள் விற்றன.

இறைச்சி, பட்டாணி, கிழங்கு மூன்றுக்கும் ஒரே சூடு, ஒரே நேரம். ஒன்று கருகாமல், ஒன்று பச்சையாக நிற்காமல், கிருமியும் சாக வேண்டும். இதைச் சரிசெய்தவர் ஸ்வான்சனில் வேலை பார்த்த பெட்டி க்ரோனின் என்ற நுண்ணுயிரியல் தெரிந்த பெண். அவர் பெயரை இன்னும் நிறையப் பேர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மாள் அந்த அலுமினியத் தட்டுகளைக் கழுவி அடுக்கி வைத்திருந்தார். ஒரு குழியில் பொத்தான், ஒன்றில் ஊசி நூல், இன்னொன்றில் பூச்செடி விதை. தன் பிள்ளைகளுக்கு அது விசேஷ நாள் சாப்பாடு மாதிரி என்று சொல்வார். ஆனால் அந்தக் காலத்திலேயே, வீட்டுச் சமையல் போய்விட்டதே என்று கோபப்பட்டு ஸ்வான்சனுக்குக் கடிதம் எழுதிய கணவர்களும் இருந்தார்கள். பழி அப்போதும் பெண்கள் தலையில்தான் விழுந்தது.

சரி, இப்போது மாறிவிட்டதா? தட்டு மாறியது. 1986இல் அலுமினியம் போய், மைக்ரோவேவில் வைக்கக்கூடிய தட்டு வந்தது. 1981இல் லீன் க்விசின், 1989இல் ஹெல்தி சாய்ஸ் என்று உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்காகத் தனி வகைகள் வந்தன. இன்று சன்னா மசாலாவும் பாலக் பனீரும்கூடச் சோற்றோடு பெட்டியில் கிடைக்கின்றன. உங்கள் கணவர் சொல்வது இதுவரைக்கும் சரி. உப்பு விஷயத்தில்தான் அவரோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

ஒரு பெட்டியில் 600லிருந்து 1,000 மில்லிகிராம் சோடியம் (உப்பில் இருப்பது இதுதான்) இருப்பது சாதாரணம். அமெரிக்க அரசின் வழிகாட்டுதல்படி, உங்கள் எட்டு வயதுப் பிள்ளைக்கு நாள் முழுதுக்கும் 1,500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பதினொரு வயதுக்கு 1,800. ஒரே வேளையில் பாதிக்கு மேல் போய்விட்டால் மற்ற வேளைக்கு என்ன மிச்சம்? பெட்டியின் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். 500க்குக் கீழே இருப்பதைத் தேடுங்கள். அங்கே போட்டிருக்கும் சதவீதம் பெரியவர்களின் 2,300 மில்லிகிராமை வைத்துக் கணக்கிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். பெரிய குடும்பப் பெட்டியாக இருந்தால் அந்த எண் ஒருவர் பங்குக்கு மட்டும்.

அப்புறம், சூடு பண்ணும் விதம். குளிரில் கிருமி பெருகாது, ஆனால் சாவதும் இல்லை. மைக்ரோவேவ் ஓரத்தில் கொதிக்க வைத்து நடுவில் ஐஸாக விட்டுவிடும். பாதி நேரத்தில் எடுத்துக் கிளறி, முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே வைத்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. அந்த மூன்று இரவும் உங்கள் கணவர் வீட்டில்தான் இருக்கிறார். நீங்கள் விடிய விடிய நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பிறகு ஏன் குற்ற உணர்ச்சி உங்களுக்கு மட்டும்? ஒரு நாளாவது அவர் சோறு வடிக்கட்டும். மற்ற நாளில் பெட்டியோடு ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி, ஒரு கப் உப்பில்லாத தயிர் வைக்கட்டும். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்.

மாமியார் இருக்கும் இந்தச் சில மாதங்களை வீணாக்காதீர்கள். குழி போட்ட, மூடியுள்ள டப்பாக்கள் கடையில் கிடைக்கின்றன. அவர் கையால் வைத்த பருப்பு, கெட்டியான குழம்பு, சோறு மூன்றையும் நீங்கள் லீவில் இருக்கும் நாளில் நிரப்பித் தேதி எழுதி ஃப்ரீசரில் அடுக்குங்கள். சோற்றை மேசையில் மணிக்கணக்கில் ஆறப்போட வேண்டாம். அகலத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரீசருக்குப் போய்விட வேண்டும். ஒரு தடவை சூடு பண்ணியதைத் திரும்ப உறைய வைக்கக்கூடாது என்பதை மாமியாருக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை. குழம்பில் உருளைக்கிழங்கு போட வேண்டாம் என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் உறைய வைக்கும், உருகும்போது கிழங்கு பஞ்சு மாதிரி ஆகிவிடும்.