உடல் கிடைக்காவிட்டால் கொலை வழக்கு நிற்குமா?

வைகைக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"என் தம்பி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வியாபாரம் பார்த்தான். கூட்டாளிக்கு நாலு லட்சம் கடன் கொடுத்திருந்தான். போன ஐப்பசியில் பணம் வாங்கப் போகிறேன் என்று அவனோடு பைக்கில் போனவன் திரும்பவில்லை. 'ஆள் காணவில்லை' என்று வழக்குப் போட்டார்கள். கூட்டாளி எங்கள் மாமாவிடம் 'கைமீறிப் போச்சு, ஆத்துல விட்டுட்டேன்' என்று அழுதான். அப்புறம் போலீஸ் கூட்டிப்போனபோது ஒரு பாழுங்கிணற்றைக் காட்டினான், அதில் தம்பியின் பைக் இருந்தது. ஆற்றில் இரண்டு நாள் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. அவனை அனுப்பிவிட்டார்கள். உடம்பு இல்லாமல் கொலைக் கேஸ் போட முடியாதாம். ஏழு வருஷம் பொறுக்க வேண்டும் என்று ஊரில் சொல்கிறார்கள். அம்மா திதி கொடுக்கலாமா என்று கேட்கிறார். கொடுத்தால் கேஸ் கெட்டுப்போகுமா?"

சகோதரி, உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டும் தவறு. உடல் இல்லாமலும் கொலை வழக்குப் போடலாம், தண்டனையும் வாங்கித் தரலாம். அதற்கு ஏழு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை.

உடல் கிடைத்தே ஆக வேண்டும் என்றால், உடலை மறைக்கத் தெரிந்தவன் எல்லாம் தப்பித்துவிடுவான். 1981ல் ராமா நந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பத்து ஆண்டு கழித்து நம் தமிழ்நாட்டிலிருந்து போன சேவகப் பெருமாள் வழக்கில் இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டது: மற்ற சங்கதிகளை எப்படி நிரூபிக்கிறோமோ, அப்படியே மரணத்தையும் நிரூபித்தால் போதும். அந்த வழக்கில் தண்டனை உறுதியானது.

நீதிமன்றம் எதற்குத் தயங்குகிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1660ல் இங்கிலாந்தில் காம்ப்டன் என்ற ஊரில் வில்லியம் ஹாரிசன் என்ற முதியவர் காணாமல் போனார். அவரைக் கொன்றதாக வேலைக்காரர் ஒருவரையும் அவருடைய தாயையும் சகோதரரையும் தூக்கிலிட்டார்கள். 1662ல் ஹாரிசன் உயிரோடு ஊர் திரும்பினார். எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் வழக்கிலும் இதே கேள்வியைத்தான் கேட்பார்: "அந்தத் தம்பி நாளைக்கு வாசலில் வந்து நின்றால்?" நாம் திரட்டும் சாட்சியம் முழுக்க இந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

உயிரோடு இருக்கிற மனுஷன் எங்காவது தடம் விடாமல் இருக்க முடியாது. செல்போன் ரீசார்ஜ் செய்வான், ஏடிஎம்மில் பணம் எடுப்பான், ஜிபேயில் ஒரு டீக்காசாவது அனுப்புவான். உங்கள் தம்பியின் வங்கிக் கணக்கில் கடைசியாகப் பணம் எடுத்தது எப்போது? போன் கடைசியாக எந்த டவரில் இருந்தது? மார்க்கெட்டில் அவருக்கு வரவேண்டிய பாக்கியை யாராவது வந்து கேட்டார்களா? பன்னிரண்டு வருஷமாக அழகருக்குத் துருத்தி நீர் பீய்ச்சியவர் இந்தச் சித்திரையில் வரவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதை வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சாட்சியம். கூட நின்று நீர் பீய்ச்சியவர்கள் வந்து அதைச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு, கைநிறையப் பாக்கியை வெளியில் வைத்துவிட்டு, எட்டு மாதம் ஒரு போன்கூடப் பண்ணாமல் ஒருவர் இருப்பாரா என்று நீதிபதியே கேட்டுக்கொள்ளும்படி இவற்றை அடுக்க வேண்டும்.

இதில் அவசரம் இருக்கிறது. அழைப்பு விவரங்களைத் தொலைபேசி நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஆகவே அதற்கு இன்னும் நேரம் உண்டு. பெட்ரோல் பங்க், டோல்கேட் கேமராப் பதிவுகள் அழிந்திருக்கலாம். இருந்தும் யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா என்று இந்த வாரமே கேளுங்கள்.

அடுத்தது பைக். உங்கள் வழக்கின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது. போலீஸிடம் 'கொன்றேன்' என்று ஒருவன் சொன்னால் அது கோர்ட்டில் செல்லாது. ஆனால் காவலில் இருக்கும்போது 'கிணற்றில் பைக்கைப் போட்டேன், காட்டுகிறேன்' என்று சொல்லி, அதன்படியே பைக் கிடைத்தால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27வது பிரிவு, இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தில் 23வது பிரிவு. அதனால் நான் கேட்பது: பைக்கை எடுத்தபோது மகஜர், அதாவது சாட்சிகள் முன்னால் கைப்பற்றியதற்கான பதிவு, எழுதினார்களா? கிராம நிர்வாக அலுவலர் மாதிரி வெளிச்சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்களா? அவனைக் காவலில் எடுத்ததாக ஏட்டில் இருக்கிறதா, இல்லை 'சும்மா விசாரிக்கக் கூப்பிட்டோம்' என்று விட்டுவிட்டார்களா? சும்மா கூப்பிட்டது என்றால், எதிர்த்தரப்பு அந்த இடத்தில்தான் கத்தி வைக்கும்.

மாமாவிடம் அழுதானே, அதுவும் சாட்சியம்தான். போலீஸ் இல்லாத இடத்தில் சொன்னது. தனியாக நின்றால் பலவீனமானது, பைக்கோடு சேர்ந்தால் பலம். மாமா ஆறு மாதம் கழித்துப் பின்வாங்காமல் இருக்க, மாஜிஸ்திரேட் முன்னால் அவர் வாக்குமூலத்தைப் பதிவு செய்யச் சொல்லி இப்போதே மனுக் கொடுங்கள். சொந்தபந்தம் ஊரில் சமாதானம் பேச வருவார்கள். பல வழக்குகளில் சாட்சிகள் பிறழ்வது அங்கேதான்.

கடைசியாக ஒன்றாகப் பார்த்தவர்கள், நாலு லட்சத்துக்கான பத்திரம் அல்லது வங்கி ரசீது, இவையும் வேண்டும். பணம்தான் நோக்கம் என்று அது காட்டும்.

போலீஸ் மறுத்தால் என்ன செய்வது? எழுத்துமூலம் புகார் கொடுத்து, வாங்காவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதன் பிறகு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 175(3)ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். 'ஆள் காணவில்லை' வழக்கைக் கொலைப் பிரிவுக்கு, அதாவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 103க்கு, தடயத்தை மறைத்ததற்கான 238க்கும் சேர்த்து, மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் சரியான வழி. அதற்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. ஆட்கொணர்வு மனுப் போடச் சிலர் சொல்வார்கள். யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கான மனு அது. உங்களுக்கு விசாரணையைக் காவல்துறையின் வேறு பிரிவிடம் மாற்றக் கோரும் மனுதான் பொருந்தும்.

இன்னொன்று. வைகை மதுரையோடு நிற்காது, மானாமதுரை, பரமக்குடி தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை போகிறது. ஐப்பசிக்குப் பிறகு அந்தக் கரையோரக் காவல் நிலையங்களில் அடையாளம் தெரியாத உடல்களுக்கு வழக்குப் பதிவாகியிருக்கும். உடலைப் புதைத்திருந்தாலும் போட்டோ, துணி விவரம் அந்தக் கோப்பில் இருக்கும். டி.என்.ஏ. ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவின் ரத்த மாதிரி போதும். இதைச் செய்யச் சொல்லி மனுவில் ஒரு வரி கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

ஏழு வருஷக் கணக்கு வேறு. அத்தனை நாள் தகவல் இல்லாதவரை இறந்ததாகக் கருதலாம் என்பது பெரும்பாலும் சொத்து, இன்சூரன்ஸ் விஷயங்களுக்குப் பயன்படுகிறது. கொலை வழக்கை அது கட்டிப்போடாது. தம்பி மனைவிக்கும் உங்களுக்கும், வருமானம் பார்க்காமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைக்கும். 15100க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். திதி கொடுப்பதாலோ கொடுக்காமல் இருப்பதாலோ வழக்குக் கெடாது. குறுக்கு விசாரணையில் 'நீங்களே அவர் இருப்பதாக நம்பித்தானே காரியம் பண்ணவில்லை' என்று கேட்கலாம். 'உடம்பைப் பார்க்காமல் மனசு வரவில்லை' என்று அம்மா சொல்லட்டும், அது உண்மைதானே. கொடுக்க மனம் வந்தால் ஆடி அமாவாசைக்குக் கொடுக்கட்டும், எந்தச் சட்டமும் தடுக்காது. அந்த மகஜர் நகலும் முதல் தகவல் அறிக்கை நகலும் கையில் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள்.