அப்பா சொல்வதில் பாதி சரி

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். அனிமே பார்த்துப் பார்த்து ஆசை வந்து, ஹிரகானா எழுத்துகளை நானே கற்றுக்கொண்டேன். கல்லூரியில் ஜப்பானிய மொழியும் இலக்கியமும் எடுக்க ஆசை. "மொழிதானே, சாயங்கால கிளாஸுக்குப் போ. அதுக்கு எதுக்கு ஒரு டிகிரி? பி.காம். சேரு" என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி

பதில்: வேலைக்கு மொழி வேண்டும், அவ்வளவுதான் என்றால் அப்பா சொல்வது சரி. பி.காம். படித்துக்கொண்டே ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வை எழுதலாம். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னையிலும் மையம் உண்டு. எளிதான என்5 தொடங்கிக் கடினமான என்1 வரை ஐந்து படிகள். மொழிபெயர்ப்பு வேலைக்குப் பெரும்பாலும் என்2 கேட்பார்கள். பி.ஏ.வா, பி.காமா என்பதெல்லாம் அங்கே அப்புறம்தான்.

ஆனால் அந்தத் தேர்வில் நீங்கள் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டாம், ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. பட்டப்படிப்பில் அப்படித் தப்பிக்க முடியாது.

ஒரு நல்ல செய்தி. ஜப்பானிய வாக்கிய அமைப்பு நமக்குப் பழகியதுதான். 'வதாஷி வா ஹோன் ஓ யோமிமஸ்' என்றால் நான், புத்தகத்தை, படிக்கிறேன். வினை கடைசியில், 'ஐ' உருபு மாதிரி 'ஓ' பெயர்ச்சொல்லுக்குப் பின்னால். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் தலைகீழாக நின்று பழகும் விஷயம் உங்களுக்குச் சும்மா வரும். (இதை வைத்துத் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வகுப்பில் முதல் நாளே இதைக் கிளப்ப வேண்டாம்!)

இனி இலக்கியம். உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்கவைத்தது அந்தச் சொல்தான். அனிமே பேசும் ஜப்பானியம் ஒன்று, இலக்கியத்தில் வரும் ஜப்பானியம் இன்னொன்று. ஆயிரம் வருடத்துக்கு முன் முரசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண் எழுதிய 'கெஞ்சியின் கதை'யை இன்றைய ஜப்பானியர்களே தற்கால மொழியில் பெயர்த்துத்தான் படிக்கிறார்கள், நாம் குறுந்தொகைக்கு உரை தேடுவதுபோல. கன்புன் என்று இன்னொன்று உண்டு. பழைய சீன மொழியில் எழுதியதை ஜப்பானிய வரிசைக்கு மாற்றிப் படிப்பது. சீனத்தில் வினைக்குப் பிறகுதான் செயப்படுபொருள் வரும். அதனால் 'இங்கே திரும்பு, மேலே போய் வா' என்று ஓரத்தில் சின்னச் சின்னக் குறிகள் இட்டிருப்பார்கள். ஆழ்ந்து படிக்கப் போனால் இதெல்லாம் எதிரே வரும். எனக்கு இதைக் கேட்டாலே ஆசையாக இருக்கிறது. உங்களுக்குக் கொட்டாவி வந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

பட்டத்துக்கென்று ஒரு தனி லாபமும் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் படிப்பவர்களுக்கு ஜப்பான் அரசு ஓர் உதவித்தொகை தருகிறது. ஏறக்குறைய ஒரு வருடம் அங்கேயே போய்ப் படிக்கலாம். சாயங்கால வகுப்பு மாணவர்களுக்கு அது கிடையாது. அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

எங்கே படிப்பது? டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது. க்யூட் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை. மொழி முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாந்திநிகேதனில் விஸ்வபாரதியின் நிப்பான் பவன் இன்னொரு இடம். இரண்டுமே தென்காசியிலிருந்து ரொம்ப தூரம். வீட்டில் உண்மையான தயக்கம் அதுவாகக்கூட இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை. ஜப்பானில் குழந்தைகள் தொடக்கப் பள்ளியின் ஆறு வருடங்களில் 1026 கான்ஜி எழுத்துகளை, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளை, கற்கிறார்கள். அதில் முதல் வகுப்புக்கு 80. அந்த எண்பதையும் பொதுத்தேர்வு முடிந்த கையோடு நோட்டில் எழுதிப் பழகுங்கள். யாரும் சொல்லாமல் 81ஆவதைத் தேடிப் போகிறீர்களா என்று பாருங்கள். அதுவரை க்யூட் விண்ணப்பம் காத்திருக்காது, அதை இப்போதே போட்டுவிடுங்கள். பி.காம். விண்ணப்பமும் ஒரு பக்கம் இருக்கட்டும்.