‘கேட்’ நிற்கவில்லை, லேப்டாப் உறைகிறது: இதற்கு 40,000 ரூபாயா?

கேள்வி: வணக்கம் சார். சொந்த ஊர் தர்மபுரி. பி.இ. முடித்துவிட்டு பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் பி.ஜி.யில் தங்கி வேலை தேடுகிறேன். கையில் ஹார்டுவேர் போர்டு எதுவும் இல்லாததால், வெப்பநிலை சென்சார் ஒன்று இருப்பதுபோல் காட்டும் லினக்ஸ் கெர்னல் மாட்யூல் (இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஏற்றும் சிறு நிரல்) எழுதினேன். மேஜர் எண் (எந்தச் சாதன நிரல், அதாவது டிரைவர், என்று கெர்னலுக்குச் சொல்லும் எண்) 240 கொடுத்து, ‘எம்க்நாட்’ கட்டளை போட்டு டிவைஸ் ஃபைல் (சாதனத்தோடு பேச உதவும் ஃபைல்) உருவாக்கினேன். ஃபைலில் இருப்பதைத் திரையில் காட்டும் ‘கேட்’ கட்டளையால் படித்தால் 27.4, 27.4 என்று நிற்காமல் கொட்டுகிறது. அது ஓடும்போதே இன்னொரு டெர்மினலில் மாட்யூலைக் கழற்றினேன், லேப்டாப் உறைந்துவிட்டது. இரண்டு முறை இப்படி ஆகிவிட்டது. நான் சேர்ந்திருக்கும் பயிற்சி நிலையத்தில், “டிசைனே தப்பு. நிஜ போர்டு இல்லாமல் டிரைவர் எழுத முடியாது. 40,000 ரூபாய் கட்டினால் முடித்த புராஜெக்டாகவே தருகிறோம்” என்கிறார்கள். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. உங்கள் மாட்யூலில் விட்டுப்போனது மொத்தமாக நாலைந்து வரிதான். அதை இன்று இரவே நீங்கள் எழுதிவிடலாம்.

போர்டு இல்லாமல் டிரைவர் இல்லை என்பது அப்பட்டமான பொய். உங்கள் லேப்டாப்பில் ‘டெவ்’ என்ற டைரக்டரிக்குள் போய்ப் பாருங்கள். ‘நல்’, ‘ஸீரோ’, ‘ஃபுல்’ என்று மூன்று ஃபைல்கள் இருக்கும். முதலாவது எதை எழுதினாலும் விழுங்கிவிடும். இரண்டாவது கேட்கக் கேட்க பூஜ்ய பைட்டுகளைத் தரும். மூன்றாவதில் எழுதப் போனால் ‘இடமில்லை’ என்ற பிழையைத்தான் தரும். மூன்றுக்கும் பின்னால் எந்தச் சில்லும் இல்லை, கம்பியும் இல்லை. லினக்ஸ் மூல நிரலில் ‘டிரைவர்ஸ்’, அதற்குள் ‘கார்’ (கேரக்டர் என்பதன் சுருக்கம்), அதற்குள் ‘மெம்.சி’ என்ற ஒரே ஃபைலில் மூன்றும் இருக்கின்றன. மெய்நிகர் சாதனம் எழுதப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது, காசும் கிடையாது. அந்தப் பயிற்சி நிலையத்தில் யாராவது அதைத் திறந்து பார்த்திருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

இனி, ‘கேட்’ ஏன் நிற்கவில்லை என்பதற்கு வருவோம். ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ‘கேட்’ கட்டளை ஒரு பையோடு வந்து நிற்கிறது. நீங்கள் “27.4” என்று ஐந்து பைட் போடுகிறீர்கள் (வரி முடிவையும் சேர்த்துத்தான் ஐந்து). அதை வாங்கித் திரையில் கொட்டிவிட்டு மறுபடி வரிசைக்கு வருகிறது. கடைக்காரர் ‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்லும்வரை அது வந்துகொண்டேதான் இருக்கும். கெர்னல் மொழியில் ‘தீர்ந்துவிட்டது’ என்றால், உங்கள் ‘ரீட்’ பங்ஷன் 0 என்று திருப்பித் தர வேண்டும். நீங்கள் ஒவ்வொரு முறையும் 5 என்றே தருகிறீர்கள்.

எவ்வளவு கொடுத்தாயிற்று என்ற கணக்குக்காகவே ‘ரீட்’ பங்ஷனுக்கு நான்காவதாக ஒரு சுட்டி (பாயின்டர்) வருகிறது. பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. நீங்களே கணக்குப் போடவும் வேண்டாம். ‘சிம்பிள்_ரீட்_ஃப்ரம்_பஃபர்’ என்ற பங்ஷன் கெர்னலிலேயே இருக்கிறது. சரத்தையும் அதன் நீளத்தையும் கொடுத்துவிட்டால், பயனரின் நினைவகத்துக்கு நகலெடுப்பது, கணக்கை நகர்த்துவது, முடிந்ததும் 0 தருவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ‘காப்பி_டு_யூசர்’ போட்டு நீங்களே செய்வதானால் ஒன்றை மறக்காதீர்கள்: அது திருப்பித் தருவது நகலாகாமல் மிஞ்சிய பைட்டுகளின் எண்ணிக்கை. அதை அப்படியே வெளியே அனுப்பினால், படிக்கிற நிரல் ‘இத்தனை பைட் கிடைத்தது’ என்று நம்பிவிடும். மிச்சம் ஏதாவது இருந்தால் ‘மைனஸ் ஈஃபால்ட்’ என்று பிழையாக மாற்றித் தர வேண்டும்.

இந்த 0 விஷயத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பலர் இதில்தான் வழுக்கி விழுகிறார்கள். ‘தீர்ந்துவிட்டது’ வேறு, ‘லோடு இன்னும் வரவில்லை’ வேறு. நாளைக்கே உங்கள் சென்சார் விநாடிக்கு ஒரு புது அளவைத் தர வேண்டும் என்று மாற்றுகிறீர்கள், அடுத்த அளவு தயாராக இன்னும் அரை விநாடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 0 கொடுத்தால் ‘கேட்’ கடை மூடிவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்விடும். அது தப்பு. அந்த இடத்தில் வந்தவரை உட்கார வைக்க வேண்டும். அதற்குத்தான் காத்திருப்பு வரிசை. ‘வெயிட்_ஈவன்ட்_இன்டரப்டிபிள்’ என்று தூங்க வைத்துவிட்டு, புது அளவு வந்ததும் டைமரிலிருந்து ‘வேக்_அப்’ கொடுத்து எழுப்புங்கள். பெயரில் ‘இன்டரப்டிபிள்’ இருப்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத வகையில் தூங்க வைத்தால் கன்ட்ரோல்-சி அடித்தாலும் வேலைக்காகாது, ‘கில்’ கட்டளையும் பலிக்காது. இன்னும் சிலர் ‘நான் உட்கார மாட்டேன், இருந்தால் கொடு, இல்லையென்றால் சொல்லு’ என்று ‘ஓ_நான்பிளாக்’ போட்டுத் திறந்திருப்பார்கள். அவர்களுக்கு ‘மைனஸ் ஈஅகெய்ன்’ கொடுத்து, பிறகு வரச் சொல்ல வேண்டும். ஆக, பதில்கள் மூன்று: தீர்ந்தது, காத்திரு, பிறகு வா. ‘ஸீரோ’ சாதனம் 0 என்ற எண்ணிக்கையைத் தருவதே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். அது தீராத களஞ்சியம், அப்படியேதான் எழுதியிருக்கிறார்கள். எனவே நிரலைத் தொடுவதற்கு முன்னால், உங்கள் ஃபைலை ஒருமுறை படித்தால் ஒரு அளவு கிடைக்க வேண்டுமா, அல்லது அளவுகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டுமா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அளவுக்கு டிசைன் என்பது அந்த ஒரு முடிவுதான்.

அடுத்தது லேப்டாப் உறைவது. ‘கேட்’ ஓடும்போதே மாட்யூலைக் கழற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கெர்னல் அதை அனுமதித்திருக்கக் கூடாது, ‘மாட்யூல் பயன்பாட்டில் இருக்கிறது’ என்று மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை என்றால், உங்கள் ‘ஃபைல்_ஆபரேஷன்ஸ்’ கட்டமைப்பில் ‘ஓனர்’ என்ற புலத்தில் ‘திஸ்_மாட்யூல்’ என்று நிரப்பவில்லை என்று அர்த்தம். ஃபைலை யாராவது திறக்கும்போது எந்த மாட்யூலின் எண்ணிக்கையைக் கூட்டுவது என்பது அந்தப் புலத்தைப் பார்த்துத்தான் கெர்னலுக்குத் தெரியும். அது காலியாக இருந்ததால் யாரும் உள்ளே இல்லை என்று நினைத்து வீட்டை இடித்துவிட்டது. ‘கேட்’ அடுத்த முறை ‘ரீட்’ என்று போனபோது, அங்கே பங்ஷனும் இல்லை, அது இருந்த நினைவகமும் இல்லை. சில நேரம் ‘ஊப்ஸ்’ என்ற கெர்னல் பிழைச் செய்தியோடு ‘கேட்’ மட்டும் சாகும். சில நேரம் மொத்த மெஷினும் போகும். உங்களுக்கு இரண்டாவது நடந்திருக்கிறது. அந்த ஒரு வரியைச் சேருங்கள்.

அதோடு, தயவுசெய்து சொந்த லேப்டாப்பில் சோதனை மாட்யூலை ஏற்றாதீர்கள். ‘கியூ-எமு’ என்ற இலவச மென்பொருளில் ஒரு மெய்நிகர் மெஷினை ஓட்டி அதற்குள் ஏற்றுங்கள். உறைந்தால் அந்த ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். ஹார்ட் டிஸ்கும் பிழைக்கும், உங்கள் தூக்கமும் பிழைக்கும்.

மேஜர் எண் 240 பற்றியும் சொல்லிவிடுகிறேன். 240 முதல் 254 வரை உள்ளூர்ச் சோதனைகளுக்கென்று ஒதுக்கியவைதான். ஆனால் எண் கேட்காமல் வருகிற டிரைவர்களுக்குக் கெர்னல் 254-லிருந்து கீழ்நோக்கி, 234 வரை, தானே எண் கொடுத்துக்கொண்டு வரும். என்றாவது ஒருநாள் 240 வேறொருவர் கைக்குப் போயிருக்கும். ஒற்றைச் சாதனத்துக்கு இந்தத் தலைவலி எதற்கு? ‘மிஸ்க்_ரெஜிஸ்டர்’ பயன்படுத்துங்கள். மேஜர் எண் 10 பொதுவாக இருக்கும், அதற்குள் உங்கள் சாதனத்தைக் குறிக்கும் மைனர் எண்ணைக் கெர்னலே தரும், டிவைஸ் ஃபைல் தானாக உருவாகும். ‘எம்க்நாட்’ தேவையே இல்லை.

இப்போது அந்த 40,000 ரூபாய்க்கு வருகிறேன். முடித்த புராஜெக்ட் என்று இவர்கள் தருவது என்ன தெரியுமா? பத்துப் பதினைந்து வருடமாகக் கைமாறி வருகிற பழைய நிரல். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ‘ஃபைல்_ஆபரேஷன்ஸ்’ கட்டமைப்பில் வெறும் ‘ஐயோக்டில்’ என்ற புலம் இருந்தால், அது 2010-இல் வந்த 2.6.36 கெர்னலோடு நீக்கப்பட்டுவிட்டது. இன்று அதன் இடத்தில் ‘அன்லாக்ட்_ஐயோக்டில்’தான் இருக்கிறது. ‘கிளாஸ்_கிரியேட்’ பங்ஷனுக்கு இரண்டு மதிப்புகள் கொடுத்திருந்தால் 6.4-லிருந்து அது கம்பைல் ஆகாது, இப்போது ஒன்றே ஒன்றுதான். எந்தக் கெர்னல் பதிப்பில் இது கம்பைல் ஆகிறது, என் கண் முன்னால் செய்து காட்டுங்கள் என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இதைவிடக் கொடுமை, மூல நிரலே தராமல், கம்பைல் செய்த மாட்யூலான ‘கேஓ’ ஃபைலை மட்டும் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது. எந்தக் கெர்னலுக்காகக் கட்டினார்களோ அதில்தான் அது ஏறும். உங்கள் லேப்டாப்பில் ‘தவறான மாட்யூல் வடிவம்’ என்று வந்ததும் ‘வற்புறுத்தி ஏற்று’ என்பார்கள். அடுத்து, நம்பகமான கையெழுத்தில்லாத நிரலைத் தடுக்கும் ‘செக்யூர் பூட்டை அணைத்துவிடு’ என்பார்கள். இரண்டையும் செய்யாதீர்கள். கெர்னல் மாட்யூலுக்குப் பூட்டு, காவல் எதுவும் கிடையாது. உங்கள் கடவுச்சொல், வங்கிக் கணக்கு, கேமரா எல்லாம் அதன் கையில். யாரோ தந்த மாட்யூலை ஏற்றுவது, வீட்டுச் சாவிக்கொத்தை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம். நாளை வேலை கிடைத்து கம்பெனி லேப்டாப் வந்ததும் இதையே செய்தால் வேலையும் போகும்.

உங்களைப் போன்ற பிள்ளைகள் இவர்களிடம் போய் மாட்டுவதற்குக் காரணம் நீங்கள் மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். பல கல்லூரிகளில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஆய்வகம் என்றால், நிரல்களுக்கு முறைவைத்து நேரம் ஒதுக்கும் ரவுண்ட் ராபின் முறையைச் சாதாரண சி நிரலாக எழுதிக் காட்டி ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்குவதுதான். ஒரு மாட்யூலைக்கூட ஏற்றாமல் பட்டம் வாங்கி வருகிறார்கள். இங்கே நேர்காணலில் கேரக்டர் டிவைஸுக்கும் பிளாக் டிவைஸுக்கும் வித்தியாசம் என்ன என்று மனப்பாடக் கேள்வி கேட்கிறார்கள். இருபது வருடமாக அதே கேள்வி! புதியவர்களுக்கான விளம்பரத்தில் மூன்று வருட அனுபவம் வேண்டும் என்று போடுகிறார்கள். நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் இந்தத் தரகர்கள் கடை விரிக்கிறார்கள். நேர்காணல் எடுக்கிற இடத்தில் நானும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். வாங்கிய புராஜெக்ட் இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். ‘இது உறைந்ததா, ஏன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்’ என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. உங்களிடம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எழுதியதையே அங்கே சொல்லுங்கள்.

மேலே சொன்னது சரியாக ஓடியதும் இன்னொரு வேலையும் செய்து பாருங்கள். வெப்பநிலை சென்சாருக்கென்றே கெர்னலில் ‘எச்டபிள்யூமான்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதில் உங்கள் போலிச் சென்சாரைப் பதிவு செய்தால் ‘சென்சார்ஸ்’ கட்டளையிலேயே உங்கள் அளவு தெரியும். அங்கே கணக்கு மில்லி டிகிரி செல்சியஸில், அதாவது 27.4 என்பதை 27400 என்று முழு எண்ணாகக் கொடுக்க வேண்டும். கெர்னலுக்குள் தசம எண் கணக்குப் போடக் கூடாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. நீங்கள் அளவை எழுத்துச் சரமாக வைத்திருந்ததால் இதுவரை அந்தச் சிக்கலில் மாட்டவில்லை. மாட்யூலில் உரிமத்தை ‘ஜிபிஎல்’ என்று குறிப்பிட மறந்தால் ‘எச்டபிள்யூமான்’ பங்ஷன்கள் கிடைக்காது.

கடைசியாக முன்பணம். மீதியைக் கட்டப் போவதில்லை, 5,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் பேசி முடிக்காதீர்கள். ரசீது தரவில்லை என்றால் யூபிஐ கட்டணப் பதிவை எடுத்து வையுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம். ‘பிளேஸ்மென்ட்’ என்று சொல்லி உங்கள் ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்திருந்தால், பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதை நேரில் போய் வாங்கி வந்துவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், பி.ஜி. நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.